கோப்பியின் விலையும் கதிரையின் விலையும்

பிறம்ரனில் மக்லோக்லின் வீதியில் ஷெரிடன் கல்லூரியின் டேவிஸ் வளாகம் இருக்கிறது. ஒன்ராறியோவின் கல்வி அமைச்சராக இருந்த வில்லியம் டேவிஸ் 1965இல் கொண்டுவந்த சட்டத்தின் மூலம் உருவான சமூகக் கல்லூரிகளில் ஷெரிடனும் ஒன்று. 1967இல் அது இயங்கத் தொடங்கியது. டேவிஸ் பிறம்ரனில் வளர்ந்தவர். 1971 முதல் 1985 வரை மாகாண முதல்வராக இருந்தவர். பல்கலைக்கழகத்தின் படியேற வாய்ப்பில்லாத தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உயர்கல்வி கிடைக்கவேண்டும் என்பது அந்தக் கல்லூரிகளின் நோக்கமாகச் சொல்லப்பட்டது.

இந்த வளாகத்தின் அயலிலுள்ள கோப்பிக்கடைகளுக்கு மாலை வேளைகளில் போகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். மேசைக்கு நாலு பேர், நாலு பேருக்கும் ஒரு கோப்பி அல்லது இரண்டு கோப்பி, ஒரு மடிக்கணினி, சுவரோரம் மின்செருகி இருக்கும் மேசைக்குத்தான் போட்டி. பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து வந்த பிள்ளைகள். வீடு என்று அவர்களுக்கு இருப்பது ஏதோவொரு நிலக்கீழ் அறையில் ஒரு மெத்தை. அங்கே மேசையும் இல்லை, தனிமையும் இல்லை. ஆகவே கோப்பிக்கடையில் இருக்கிறார்கள். சில கடைகளின் சுவரில், வாங்கிய உணவை இருபது நிமிடத்துக்குள் உண்டு முடிக்குமாறு ஒரு அறிவித்தல் தொங்குகிறது.

கோப்பியின் விலை பலகையில் எழுதப்பட்டிருக்கிறது. வாங்குகிற எல்லோருக்கும் அது ஒரே விலை. கதிரையின் விலை எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை. அது ஆளுக்கு ஆள், காலத்துக்குக் காலம், தோலின் நிறத்துக்கும் சாதிக்கும் உடுப்புக்கும் ஏற்ப மாறிவந்திருக்கிறது. கோப்பிக்கடையின் வரலாற்றை வியாபாரத்தின் வரலாறாகவும் இலக்கியக் கூடல்களின் வரலாறாகவும் பலர் எழுதியிருக்கிறார்கள். அங்கே யார் இருக்கலாம், எவ்வளவு நேரம் இருக்கலாம் என்ற கேள்வியின் வரலாறாகவும் அதைப் பார்க்கலாம். எங்களைப் போன்றவர்களுக்கு அதுவே முக்கியமான வரலாறு.

கல்லூரியும் கோப்பிக்கடையும் அயலவர்களாக இருப்பது புதிய விடயமல்ல. இங்கிலாந்தின் முதற் கோப்பிக்கடை 1650 அளவில் ஒக்ஸ்போர்ட்டில் திறக்கப்பட்டதாக அந்நகரத்து வரலாற்றாளர் அந்தனி வூட் பதிந்துவைத்திருக்கிறார். அதை நடத்தியவர் ஜேக்கப் என்ற யூதர். 1290இல் யூதர்களை நாட்டைவிட்டு வெளியேற்றிய அரச கட்டளை அப்போது அங்கே நடைமுறையில் இருந்தது. 1656ஆம் ஆண்டளவில்தான் யூதர்கள் மீண்டும் அங்கு வெளிப்படையாக வாழ இடமளிக்கப்பட்டது. இன்றைய பாஷையில் சொன்னால், கல்லூரி மாணவருக்குக் கோப்பி ஊற்றிக்கொடுத்த அந்த முதல் மனிதர் விசா இல்லாதவர். 1652இல் லண்டனில் முதற் கடையைத் திறந்த பாஸ்குவா ரொசேயும் கிழக்கு மத்தியதரைப் பக்கத்திலிருந்து ஒரு வியாபாரியின் வேலையாளாக வந்தவர்தான்.

1655இல் ஆதர் ரில்யார்ட் என்ற மருந்து வணிகர் ஒக்ஸ்போர்ட்டின் ஓல் சோல்ஸ் கல்லூரியின் அருகே கோப்பி விற்கத் தொடங்கினார். அவரைத் தூண்டியவர்கள் அங்கு படித்த இளைஞர்கள். கிறிஸ்தோபர் ரென் போன்றவர்கள் அங்கே கூடினார்கள். பின்னர் 1660இல் றோயல் சொசைற்றியைத் தோற்றுவித்தவர்களிற் சிலர் இந்த ஒக்ஸ்போர்ட் வட்டத்திலிருந்து வந்தவர்கள். ஒரு பென்னி கொடுத்தால் கோப்பியும் கிடைக்கும், அறிஞர் பேச்சும் கேட்கலாம் என்பதால் இத்தகைய கடைகளுக்கு 'பென்னிப் பல்கலைக்கழகங்கள்' என்ற பெயரும் உண்டாயிற்று. கோப்பிக்கடைக்கான விதிகள் என்று 1674இல் லண்டனில் அச்சிட்டு வெளியிடப்பட்ட தாளொன்றின் முதல் விதி சுவையானது: இங்கே பெரிய மனிதரும் வணிகரும் ஒன்றாக இருக்கலாம், உயர்ந்தவர் ஒருவர் வந்தால் எழுந்து அவருக்கு இடம் விடவேண்டியதில்லை.

அரசுக்கு இது பிடிக்கவில்லை. 1675 டிசம்பரில் இரண்டாம் சார்ள்ஸ் மன்னர் கோப்பிக்கடைகளை மூடும்படி கட்டளையிட்டார். அங்கே இருந்து அரசைப் பற்றி அவதூறு பேசுகிறார்கள் என்பது காரணம். எதிர்ப்பு வலுத்ததால் கட்டளை அமுலுக்கு வருவதற்கு முன்னரே, 1676 ஜனவரியில், அதைக் கைவிட நேர்ந்தது. கோப்பி குடிப்பதைப் பற்றி மன்னருக்கு முறைப்பாடு இல்லை, கூடியிருப்பதைப் பற்றித்தான் முறைப்பாடு. ஆனால் அந்த விதித்தாள் சொன்ன சமத்துவத்துக்கும் எல்லை இருந்தது. பெண்கள் அங்கே வேலை செய்தார்கள், சில கடைகளை நடத்தவும் செய்தார்கள். பேச்சில் கலந்துகொள்ளும் வாடிக்கையாளராக அவர்களுக்குப் பெரும்பாலும் கதிரை கிடைக்கவில்லை.

எழுந்து இடம் விடவேண்டியதில்லை என்ற விதி வந்து ஏறத்தாழ 280 ஆண்டுகளின் பின்பும், நாங்கள் வாழும் இதே ஒன்ராறியோவில் அது எல்லோருக்கும் பொருந்தவில்லை. ரொறன்ரோவுக்குத் தென்மேற்கே ட்ரெஸ்டன் என்ற சிறு நகரம் இருக்கிறது. அமெரிக்க அடிமைமுறையிலிருந்து தப்பிவந்த கறுப்பின மக்கள் குடியேறிய இடங்களில் அதுவும் ஒன்று. ஏறக்குறைய நூறு வருடங்களின் பின்னரும் அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்நகரத்து உணவகங்கள் சிலவற்றில் ஒரு கோப்பி குடிக்க முடியவில்லை. அவற்றில் பெயர்பெற்றது மோர்லி மக்கே என்பவரின் கேய்ஸ் கஃபே. தச்சுத்தொழிலாளியும் இரண்டாம் உலகப் போரில் கனடாப் படையில் இருந்தவருமான ஹியூ பேர்னற் தேசிய ஐக்கியச் சங்கத்தின் சார்பில் இதற்கெதிராக ஆண்டுக்கணக்காகப் போராடினார். இதுபற்றி 1949இல் ட்ரெஸ்டனில் ஒரு வாக்கெடுப்பே நடத்தினார்கள். பாகுபாட்டைத் தடைசெய்ய வேண்டாம் என்று பெரும்பான்மையினர் வாக்களித்தார்கள். பெரும்பான்மை வாக்கு என்பது என்னவெல்லாம் செய்யும் என்று இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

1954இல் ஒன்ராறியோ அரசு பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது. சட்டம் வந்தபின்னும் மக்கே மாறவில்லை. அந்த ஒக்ரோபரில் ரொறன்ரோவிலிருந்து புறொம்லி ஆம்ஸ்ரோங் என்ற ஜமேக்கத் தொழிற்சங்கவாதியும், பல்கலைக்கழக மாணவர் கிறிஸ்தவ இயக்கத்தில் பணியாற்றிய சீனக் கனடியரான ரூத் லோரும் போய் அந்தக் கடையில் அமர்ந்தார்கள். பரிமாற மறுக்கப்பட்டது. வழக்குப் போட்டார்கள், தண்டனை கிடைத்தது, மேன்முறையீட்டில் அது தள்ளுபடியாயிற்று. 1955இன் இறுதியில் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக் கறுப்பின மாணவர் இருவர் மீண்டும் போய் அமர்ந்தார்கள். இந்தமுறை தண்டனை நிலைத்தது. 1956இல் மேன்முறையீடும் தோற்ற பின்னர்தான் அந்தக் கடையில் கறுப்பின மக்களுக்குப் பரிமாறினார்கள்.

இதற்கு நாலு வருடங்களின் பின், 1960 பெப்ரவரி 1ஆம் திகதி, அமெரிக்காவின் வட கரோலைனாவில் கிறீன்ஸ்பரோ நகரத்தில் நாலு கல்லூரி மாணவர்கள் செய்தது உலகமறிந்த கதை. தங்கள் கல்லூரிக்கு அருகே இருந்த வூல்வேர்த் கடையில் முதலிற் சில்லறைப் பொருட்களை வாங்கினார்கள். அந்தப் பணத்தைக் கடைக்காரர் வாங்கிக்கொண்டார். பின்னர் அதே கடையின் உணவுப் பகுதியில் அமர்ந்து கோப்பி கேட்டார்கள். அது கிடைக்கவில்லை. கடை பூட்டும்வரை இருந்துவிட்டு மறுநாளும் வந்தார்கள். மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். ஜூலையில் கடை பணிந்தது. எங்கள் காசை ஒரு மேசையில் வாங்குகிறீர்கள், இன்னொரு மேசையில் எங்களை ஏன் இருக்கவிடுகிறீர்களில்லை என்பதே அவர்களின் கேள்வி. கோப்பியின் விலையும் கதிரையின் விலையும் வேறு வேறு என்பதை இதைவிட எளிமையாகக் காட்டமுடியாது.

இவற்றை வெள்ளையரின் நிறவெறிக் கதைகளாக மட்டும் வாசித்துவிட்டு நகர எங்களுக்கு உரிமை இல்லை. ஒன்ராறியோச் சட்டம் வந்து மூன்று ஆண்டுகளின் பின், 1957இல், இலங்கையில் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. சாதியின் பேரால் கடைக்குள்ளும் பொது இடங்களுக்குள்ளும் விடாமல் மறிப்பது குற்றமாயிற்று. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் அப்போது இருந்த நிலைமை என்ன? ஒடுக்கப்பட்ட சாதியினர் வெளியே நின்று, தங்களுக்கென ஒதுக்கிவைத்த போத்தலிலோ தகரப் பேணியிலோ குடிக்கவேண்டும். கிளாஸ் கிடையாது. வாங்கில் கிடையாது. தேத்தண்ணிக்குக் காசு மட்டும் ஒரே காசு.

ட்ரெஸ்டனில் நடந்தது போலவே இங்கும் சட்டம் கடதாசியில் கிடந்தது. 1966 ஒக்ரோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்தை நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம் பொலிசாரின் குண்டாந்தடிகளைச் சந்தித்தது. 1967இல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவானது. சங்கானை, சாவகச்சேரி, கொடிகாமம் என்று தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் பரவின. அடிதடி, வீடெரிப்பு, துப்பாக்கிச் சூடு எல்லாம் நடந்தன, உயிர்களும் போயின. ஒரு வாங்கிலில் இருந்து ஒரு கிளாஸ் தேத்தண்ணி குடிப்பதற்காக. அந்தப் போராட்டங்களில் நேரடியாக நின்ற கே. டானியல் அவற்றைப் 'பஞ்சமர்' நாவலில் எழுதினார். அக்காலத்தில் கடையின் உள்ளே இருந்து குடித்த தகப்பன்மாரின் பிள்ளைகளும், வெளியே நின்று குடித்த தகப்பன்மாரின் பிள்ளைகளும் பின்னர் ரொறன்ரோவின் கோப்பிக்கடைகளில் ஒரே வரிசையில் நின்றார்கள். இங்கே வரிசையை ஒன்றாக்கியது எங்கள் பெருந்தன்மை அல்ல. மற்றவர்கள் போராடிப் பெற்ற சட்டத்தின் நிழலில் நாங்கள் வந்து சேர்ந்தோம் என்பதே உண்மை.

ரொறன்ரோவில் கதிரை கிடைத்தவர்களின் கதையும் உண்டு. 1960இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்திலிருந்து நடந்துபோகக்கூடிய தூரத்தில், சென்ற் நிக்கலஸ் வீதியில், டொன் கலனும் நண்பர்களும் ஒரு கோப்பிக்கடையைத் திறந்தார்கள். 'பொஹீமியன் தூதரகம்' என்று விளையாட்டாகப் பெயர் வைத்தார்கள். தொலைபேசிப் புத்தகத்தில் அது மெய்யான தூதரகங்களின் வரிசையிற் சேர்ந்துவிட, விசா கேட்டு ஆட்கள் அழைத்தார்களாம். அங்கே கவிதை வாசித்தவர்களில் விக்ரோறியாக் கல்லூரி மாணவியாக இருந்த மார்கிறற் அற்வூட்டும் ஒருவர். கவிஞர்களான மில்ரன் ஏக்கோர்ன், குவென்டலின் மக்கியூவன் ஆகியோரும் அங்கே வந்தார்கள். மதுபானம் இல்லை, கோப்பிதான். அது 1966இல் மூடப்பட்டது.

அதே ஆண்டுகளில் அருகேயிருந்த யோர்க்வில் வீதியெங்கும் கோப்பிக்கடைகள் நிறைந்தன. 1964இல் திறந்த றிவர்போட் என்ற நிலக்கீழ்க் கடையில் நீல் யங்கும் ஜோனி மிச்சலும் பாடினார்கள். பிள்ளைகள் கடைக்குள்ளிருந்து வீதிக்கு வழிந்தார்கள். நகரசபைக்கும் பொலிசாருக்கும் அது தலையிடியாயிற்று. 1967 ஓகஸ்டில் வீதியை வாகனங்களுக்கு மூடக்கோரி இளைஞர்கள் நடுவீதியில் அமர்ந்தபோது பலர் கைதானார்கள். ஆனால் அவர்களை அங்கிருந்து நிரந்தரமாக எழுப்பியது பொலிசாரின் தடி என்பதைவிடக் காணியின் விலை என்பதே பொருந்தும். எழுபதுகளில் நகைக்கடைகளும் அலங்கார உடைக்கடைகளும் வந்தன. 1978இல் றிவர்போட்டும் மூடப்பட்டது. இன்று யோர்க்வில் கனடாவிலேயே விலைகூடிய கடைவீதிகளில் ஒன்று.

அந்தப் பகுதியில் நெடுங்காலம் தாக்குப்பிடித்த கடை ஒன்றை நடத்தியவர் ஹங்கேரியரான மார்த்தா வொன் ஹெக்செய். 1956இல் ஹங்கேரியின் எழுச்சியைச் சோவியத் தாங்கிகள் நசுக்கியபின் ஏறக்குறைய 37,000 அகதிகள் கனடாவுக்கு வந்தார்கள். புடபெஸ்ற்றில் எழுத்தாளனுக்குக் கோப்பிக்கடை இரண்டாவது வீடு; ஒரு கோப்பியோடு பொழுது முழுவதும் இருந்து எழுதலாம், பரிசாரகர் முகம் சுளிப்பதில்லை. அந்தப் பழக்கத்தை அவர்கள் கூடவே கொண்டுவந்தார்கள். 1963இல் புளோர் வீதிப் பக்கத்தில் திறந்த 'கோப்பி மில்' பின்னர் யோர்க்வில்லுக்கு இடம் மாறி, 2014இல் மூடப்படும்வரை 51 ஆண்டுகள் நடந்தது. ஹங்கேரிய அகதிகளும் கனடிய எழுத்தாளர்களும் அங்கே வாடிக்கையாளர்கள். நாட்டை இழந்தவனுக்கு முதலில் தேவைப்படுவது தன் பாஷையில் உரத்துப் பேசக்கூடிய ஒரு மேசை என்பதை அந்தப் பெண்மணி அறிந்திருந்தார் போலும்.

எங்களுக்கு அப்படியொரு 'கோப்பி மில்' வாய்க்கவில்லை. 1983க்குப் பின் வந்தவர்களில் எத்தனையோ பேர் இந்நாட்டுக் கோப்பிக்கடையைப் பின்வாசலால்தான் முதலில் அறிந்தார்கள். கோப்பை கழுவுதல் என்ற சொற்றொடருக்குப் புலம்பெயர்ந்த தமிழில் உண்டான பாரத்தை இங்கு விளக்கவேண்டியதில்லை. வெலஸ்லி - பாலியமென்ற் பகுதியின் மாடிக்கட்டடங்களில் ஒரு அறையில் ஐந்தாறு பேர். ஒருவர் இரவு வேலைக்குப் போனால் அவரது இடத்தில் மற்றவர் படுப்பார். அந்த நிலையில் இருபத்துநாலு மணிநேரமும் திறந்திருந்த டோனற் கடைதான் வரவேற்பறை. அகதி விசாரணைக்குக் கதை எழுதியதும், ஊருக்குக் கடிதம் எழுதியதும், சீட்டுக் கட்டியதும், சிறுபத்திரிகைக்கு விடயதானம் சேர்த்ததும் அந்தப் பிளாஸ்ரிக் மேசைகளில்தான். 1964இல் ஹமில்ரனில் ஒரு ஹொக்கி வீரரின் பெயரில் தொடங்கிய ரிம் ஹோர்ட்டன்ஸ் ஆகட்டும், வேறு கடைகளாகட்டும், எங்களை இலக்கியவாதிகள் என்று எண்ணி வரவேற்கவில்லை. நாங்களும் அங்கே தங்கியிருக்கும் உரிமையைக் கேட்டுப் போராடவில்லை. வெறுங்கோப்பையை மேசையில் நிறுத்திவைத்து, அது வெறுமையானது என்று தெரியாதபடி அவ்வப்போது வாயில் வைத்துக்கொண்டு இருந்தோம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஸ்காபரோவில் நிலைமை கெட்டது. தமிழ் இளைஞர் குழுக்களின் மோதல்கள் செய்தித்தாள்களில் வரத் தொடங்கின. 1997 டிசம்பரில், வோட்டர்லூப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 19 வயதுத் தமிழ் மாணவன் ஒருவன், விடுமுறைக் காலத்தில் ஸ்காபரோவின் டோனற் கடையொன்றில் இருந்தபோது துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டான். எந்தக் குழுவோடும் அவனுக்குத் தொடர்பு இல்லை. போரிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றிக் கொண்டுவந்த சமூகத்தின் பிள்ளை கோப்பி குடிக்கப் போன இடத்தில் செத்தான். அதன்பின் கடையில் கூடியிருக்கும் தமிழ் இளைஞர் என்றாலே கடைக்காரருக்கும் பொலிசாருக்கும் ஒரு கண். வீட்டில் பெற்றோரும் அதையே சொன்னார்கள்: கோப்பியை வாங்கிக்கொண்டு வந்துவிடு, அங்கே இராதே. கதிரையின் விலை அந்த ஆண்டுகளில் எங்களுக்கு அப்படி ஏறியது.

இந்த விலை இன்னும் முடிவாகவில்லை. 2018 ஏப்ரலில் பிலடெல்பியாவில் ஸ்ரார்பக்ஸ் கடையொன்றில் நண்பருக்காகக் காத்திருந்த கறுப்பின இளைஞர் இருவர், எதுவும் வாங்காமல் இருந்ததற்காகப் பொலிசாரை அழைத்து விலங்கிடப்பட்டார்கள். கண்டனம் எழுந்ததும், வாங்கினாலும் வாங்காவிட்டாலும் எவரும் இருக்கலாம் என்று நிறுவனம் அடுத்த மாதமே அறிவித்தது. 2025 ஜனவரியில் வட அமெரிக்கக் கடைகளில் அந்த விதியை மாற்றி, வாங்குகிறவர்களுக்கே இடம் என்றது. ஏழு ஆண்டுகளுக்குள் ஒரே நிறுவனம் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

கடைக்காரர் பக்கத்திலும் நியாயம் உண்டு. வாடகை ஏறுகிறது, மூன்று மணிநேரம் ஒரு கோப்பியோடு நாலு பேர் இருந்தால் அடுத்தவருக்கு மேசை இல்லை. கோப்பிக்கடை நூலகம் அல்ல. ஆனால் பிறம்ரனில் அந்தப் பிள்ளைகளை அங்கே அனுப்பியது யார் என்று கேட்கவேண்டும். வெளிநாட்டு மாணவரிடம் உள்ளூர் மாணவரைப் போலப் பல மடங்கு கட்டணம் வாங்கிக் கல்லூரிகள் வளர்ந்தன. அவர்கள் தங்குவதற்கு அதற்கேற்ற இடம் வளரவில்லை. மாகாணம் உதவித்தொகையை இறுக்கிப் பிடித்ததால் கல்லூரிகள் அந்தப் பணத்தில் தங்கின. 2024 ஜனவரியில் சமஷ்டி அரசு மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு விதித்தது. வேலை நேரத்துக்கு இருந்த வாரத்துக்கு 20 மணி என்ற எல்லையை 2022 நவம்பரில் தளர்த்தி, 2024 ஏப்ரலோடு அத்தளர்வை முடித்து, பின்னர் அதே நவம்பரில் 24 மணி என்றாக்கினார்கள். இந்தச் சட்டங்களெல்லாம் ஒட்டாவாவிலும் குயீன்ஸ் பார்க்கிலும் ஆக்கப்பட்டன. அவற்றின் கணக்கு வந்து தீருமிடம் பிறம்ரனில் ஒரு கோப்பிக்கடை மேசை. எழுந்து போகச் சொல்லுகிறவளும் பெரும்பாலும் அதே கல்லூரியின் மாணவி, சம்பளத்துக்கு நிற்கிறாள்.

எங்கள் நிலையும் இப்போது மாறியிருக்கிறது. பாலியமென்ற் வீதியின் மாடியறைகளிலிருந்து ஸ்காபரோ, மார்க்கம், பிறம்ரன் என்று வீடு வாங்கிப் பெயர்ந்துவிட்டோம். நிலக்கீழ் அறையை மாணவருக்கு வாடகைக்கு விடுகிறவர்களில் எம்மவரும் உண்டு. கடை முதலாளிகளிலும் எம்மவர் உண்டு. "உந்தப் பெடியள் வந்து இடத்தைக் கெடுத்துப்போட்டாங்கள்" என்ற பேச்சு தமிழ் விருந்துகளிலும் கேட்கத்தான் செய்கிறது. நாற்பது வருடங்களுக்கு முன் இதே வசனத்தை வேறொரு பாஷையில் எங்களைப் பற்றிச் சொன்னார்கள்.

ஒக்ஸ்போர்ட்டில் நாட்டில் இருக்க உரிமையில்லாத ஒருவர் மாணவருக்கு இடம் கொடுத்தார். ட்ரெஸ்டனில் மாணவர் போய் அமர்ந்ததால் மற்றவர்களுக்கு இடம் கிடைத்தது. சங்கானையில் அந்த இடத்துக்கு உயிரையே விலையாகக் கொடுத்தார்கள். எமக்குக் கிடைத்த கதிரை இவர்கள் எல்லோரும் கூடி வாங்கித் தந்தது. மின்செருகிக்குப் பக்கத்து மேசையில் இருக்கும் பஞ்சாபிப் பிள்ளையைப் பார்த்து அறிவித்தல் பலகையைச் சுட்டிக்காட்டும் முன், கடைக்காரரான தமிழரும் வீட்டுக்காரரான தமிழரும் இந்தக் கணக்கை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.